மஞ்சள் துணியில் என் கால்

மார்கழி பிறக்கச் சில நாட்கள் இருக்கும்போது, ஒரு விடியற்காலையில் வாசற்படியில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு மாதத்துக்கு மேல் பரணில் கிடந்த ஷூ. அதற்குள் ஒரு சிலந்தி குடித்தனமே நடத்தியிருந்தது. தட்டித் துடைத்து, மகளுடைய பழைய சுடிதாரை மாட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குக் கிளம்புகிறவளைப் போலச் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன். முழங்கால் வலி போய்விட்டது. நாமக்கல்லில் பிசியோதெரபி பார்க்கிற பெண், இனி மெதுவாக ஓட ஆரம்பிக்கலாம் என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தாள்.

என் வீட்டுக்காரர் டீ டம்ளரோடு பின்னால் வந்து நின்றார்.

"எங்க புள்ள கெளம்பிட்ட?"

"இதென்னங்க கேள்வி? ஓடத்தான்."

"அது ஆவாது." ஒரு வாய் டீ குடித்துவிட்டு, பால்காரரிடம் நாளைக்குப் பால் வேண்டாம் என்று சொல்கிற குரலில் சொன்னார்: "கருப்பணாருக்குக் காசு முடிஞ்சு வெச்சிருக்கறேன். கால் நல்லாயிருச்சுன்னா இனி இவ ஓட மாட்டா சாமீன்னு வேண்டியிருக்கறேன். நல்லாயிருச்சு பாரு. இனி ஓடுனா குத்தமாயிரும்."

நாடா என் கையிலேயே நின்றுவிட்டது.

எங்கள் பக்கத்தில் வேண்டுதல் என்றால் ஒரு காசை மஞ்சள் நனைத்த துணியில் முடிந்து சாமி படத்துக்கு அடியில் வைப்பார்கள். நினைத்தது நடந்ததும் அந்த முடிச்சைக் கோயிலுக்குக் கொண்டுபோய் உண்டியலில் போட்டு, சொன்ன காரியத்தைச் செய்துவிட்டு வருவார்கள். போர்வெல்லில் தண்ணீர் வர முடிவார்கள். பையன் பாஸாக முடிவார்கள். கோழிக்குச் சீக்கு வராமல் இருக்க முடிவார்கள். நானும் முடிந்திருக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் என் தலைமுடியைத் தருவதாகச் சொல்லுவேன், என் கையால் பொங்கல் வைப்பதாகச் சொல்லுவேன். குழந்தைக்கு மொட்டை போடுவதாக அம்மா வேண்டிக்கொள்வது உண்டுதான். அது குழந்தை. முடியும் திரும்ப முளைக்கும். நான் அறுபத்திரண்டு வயதுக்காரி. என் காலை எடுத்துச் சாமி முன்னால் வைத்து, இதை நிறுத்திக் காட்டுகிறேன் என்று சொல்ல இவர் யார்? சாமியாவது என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?

இதையெல்லாம் அப்படியே கத்தினேன். கொட்டகையில் கோழிகள் எல்லாம் ஒரே நேரத்தில் சத்தம் போட்டன. அவர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, வழக்கம்போலப் பேக்கரிக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

நான் ஓட ஆரம்பித்த கதையைச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும்.

சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எத்தனையோ வருடம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு முட்டை அவித்து உரித்துக் கொடுத்திருக்கிறேன். எல்லாப் பிள்ளைகளும் சாப்பிட்ட பிறகு மிச்சச் சோற்றையும் குழம்பையும் நின்றுகொண்டே அள்ளிப் போட்டுக்கொள்வேன். ஓய்வு பெற்ற வருடமே சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். டாக்டர் நடக்கச் சொன்னார். ஏரிக்கரையில் நடந்தேன். ஒருநாள் நடந்துகொண்டிருக்கும்போது திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. கொஞ்ச தூரத்தில் இருந்த, ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலை ஷெட்டை நோக்கி ஓடினேன். ஷெட் வந்தது. நான் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மழையில் நனைந்துகொண்டே, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூச்சு வாங்க, சிரித்துக்கொண்டே ஓடினேன். பிறந்ததிலிருந்து எதற்காகவோ ஓடியிருக்கிறேன். பஸ்ஸுக்கு, அடுப்பில் பொங்குகிற பாலுக்கு, பள்ளிக்கு ஆய்வுக்கு வருகிற அதிகாரிக்கு. சும்மா ஓடியது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் விடவில்லை. சேலத்தில் இருக்கும் மகளை ஒரு ஷூ வாங்கித்தரச் சொன்னேன். காலையில் குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்கிற மரவள்ளிக் காடுகளைத் தாண்டி, பெரிய விடுதிப் பள்ளிக்கூடத்தின் மதில் முடிகிற இடம் வரைக்கும் போய்த் திரும்புவேன். கோழி எரு ஏற்றிய லாரி முன்னால் போனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். அதுவும் ஒரு பயிற்சிதான்.

சாப்பாட்டையும் மாற்றினேன். முளைகட்டின கொள்ளு, ராகிக் களி, கீரை, அவித்த முட்டை இரண்டு. இருட்டும் முன்பே இரவுச் சாப்பாடு. நாலே மாதத்தில் டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். ஊர்க்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. எங்கள் ஊரில் இளைத்தால் சீக்கு, பெருத்தால் செழிப்பு. கிடா விருந்துக்குப் போனால், "அய்யோ, என்ன அம்மிணி எலும்புந்தோலுமா ஆயிட்ட? ஊட்டுல சோறு போடறதில்லையா?" என்று இலையில் சோற்றை மலையாகக் கொட்டுவார்கள். வேண்டாம் என்றால், போட்டவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். நான் கறியை மட்டும் தின்றுவிட்டு இலையை மடித்துவிடுவேன். என் வீட்டுக்காரர் தலைகுனிந்துகொள்வார்.

வீட்டை ஒட்டியே எங்கள் கோழிப்பண்ணை. தட்டுத் தட்டாக முட்டை போகிறது. அவர் ஒரு முட்டை தொட மாட்டார். நாற்றமாம். டீயும் தேங்காய் பன்னும்தான் அவருக்கு உலகம். நடக்கச் சொன்னால், "மோட்டார் எதுக்குக் கண்டுபிடிச்சான்?" என்று கேட்கிற மனிதர்.

ரோட்டில் நடந்த கூத்து தனி. எங்கள் பக்கத்தில் ஒருவர் நடந்து போனாலே வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொள்வார்கள். நல்ல பழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஓடுகிறவளை விடுவார்களா? "ஏனுங்க்கா, பஸ்ஸ உட்டுட்டீங்களா? ஏறிக்குங்க" என்று பால் வண்டிக்காரர் நிறுத்துவார். "யாருக்காச்சும் சீரியஸுங்களா?" என்று முட்டை வண்டிக்காரர் நிறுத்துவார். உடம்புக்காக ஓடுகிறேன் என்று சொன்னால், "செரிங்க, ஏறிக்குங்க, ஓடற எடத்துல எறக்கி உடறேன்" என்று ஒருவர் சொன்னார். அவரை என்ன செய்வது? ஒருநாள் ஒரு புண்ணியவான், நான் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு ஓடுகிறேன் என்று முடிவு செய்து, வண்டியைத் திருப்பி நேரே பேக்கரிக்குப் போய் என் வீட்டுக்காரரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அன்றைக்கு இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் சிரிக்கவில்லை. அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பொங்கல் முடிந்து சேலத்தில் ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டம் நடக்கப் போகிறது என்று மகள் சொன்னாள். என் பெயரையும் அவளே பதிந்துவிட்டாள். அறுபது தாண்டியவர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறதாம். அது தெரிந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. என் வாழ்நாளில் எனக்கென்று நான் போட்டியிடுகிற காரியம் அதுதான் முதல் தடவை.

புரட்டாசியில் முழங்கால் வலித்தது. படி இறங்கும்போது முழங்கால் சிப்பிக்கு அடியில் ஊசி குத்துகிற மாதிரி. புதிதாகப் போட்ட சிமெண்ட் ரோட்டில் ஓடியதும், அடி தேய்ந்துபோன ஷூவும்தான் காரணம் என்று எனக்கே தெரியும். இரண்டு நாள் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்றேன். இவர் கேட்கவில்லை. எலும்புக்குக் கட்டுப் போடுகிற வைத்தியர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்து, தொடையிலிருந்து கெண்டைக்கால் வரைக்கும் துணி சுற்றிப் பூசிவிட்டார். வயிற்றுக்குள் போக வேண்டிய முட்டையெல்லாம் என் முழங்காலுக்குப் போனது. காய்ந்ததும் கால் உலக்கை மாதிரி நின்றது. நாற்றம் ஒருபக்கம், உள்ளே எறும்பு ஒருபக்கம். சொறியவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. மூன்றாம் நாள் அம்மிக் குழவியை எடுத்து நானே உடைத்துப் பிய்த்தெறிந்துவிட்டு, நாமக்கல்லுக்கு பஸ் ஏறினேன்.

பிசியோதெரபிப் பெண் காலை மடக்கிப் பார்த்தாள், நீட்டிப் பார்த்தாள். எலும்பில் ஒன்றுமில்லை, தொடைச் சதைக்குப் பலம் போதவில்லை, அதனால் சிப்பி இழுபடுகிறது என்றாள். கொஞ்ச காலம் ஓடாமல், சொல்லித் தருகிற பயிற்சிகளைச் செய்தால் போதும் என்றாள். செய்தேன். முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்துவேன். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நிற்பேன். தொடை நடுங்கும். பல்லைக் கடித்துக்கொள்வேன்.

அந்த நாட்களில் என் வீட்டுக்காரர் ஒரு காரியம் செய்தார். பொழுது சாய்ந்தால் நல்லெண்ணெயை வெதுவெதுப்பாகக் காய்ச்சிக்கொண்டு வந்து, தரையில் உட்கார்ந்து, என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துத் தேய்த்துவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து என் காலைத் தொட்ட மனிதர் இல்லை. எனக்குப் பிரசவ வலி வந்தபோதுகூட, முட்டை லோடு இறக்கிவிட்டு வருகிறேன் என்று போனவர். இப்போது ஒன்றும் பேசாமல், கண்ணை மூடிக்கொண்டு, "போதும் சாமி... கருப்பா, போதும் சாமி" என்று முணுமுணுத்துக்கொண்டே தேய்ப்பார். எனக்கு வலி போக வேண்டும் என்று கும்பிடுகிறார் என்று நினைத்தேன். ஒருநாள் அவருக்குத் தெரியாமல் அழுதும்விட்டேன். இந்த மனிதரைப் போய்க் கல்நெஞ்சு என்று நினைத்தோமே என்று உருகிவிட்டேன். அந்த அழுகையை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கால் சரியானதும்தான் அந்த வேண்டுதல் கதை வந்தது.

கத்தியும் பயனில்லை. இவர் பேக்கரியில் சொல்லி, அன்று மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. மாவு மில்லில் ஒருத்தி, "சாமி விசயம் அம்மிணி, வெளையாடாத" என்றாள். பேக்கரிக்காரர் வீட்டம்மா வீடு தேடி வந்து, வேண்டுதலை மீறியதால் எந்த ஊரில் யாருக்குக் கை விளங்காமல் போனது என்று விலாவாரியாகச் சொல்லிவிட்டு, என்னிடமே காபி வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள். அதையெல்லாம் நான் தூசியாகத் தட்டிவிட்டிருப்பேன். சாயங்காலம் மகளிடமிருந்து போன் வந்தது.

மகள் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். கம்ப்யூட்டர் வேலை. அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம்.

"அம்மா, எனக்கு இதுலயெல்லாம் நம்பிக்கை இல்ல. உனக்கே தெரியும். ஆனா இங்க மாமியார் காதுக்குப் போயிடுச்சு. பயந்துட்டாங்க. கொழந்தை பொறக்கற வரைக்கும் ஓடாதம்மா. எனக்கும் ஒரு மாதிரி இருக்கு."

என் பெயரைப் பதிந்தவள் அவள். எனக்கு ஷூ வாங்கிக் கொடுத்தவள் அவள். அவள் வாயிலிருந்தே இது வந்தது. எனக்குக் கருப்பணாரிடம் பயம் இல்லை. என் மகளுக்கு எது நடந்தாலும், ஒரு தலைவலி வந்தால்கூட, அதற்கு என் கால்தான் காரணம் என்று நாளைக்கு ஊரே சொல்லும். ஊர் சொல்வதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். ராத்திரி படுத்தால் நானே அப்படி நினைக்க ஆரம்பித்துவிடுவேன் என்று தெரிந்தது. அதுதான் எனக்கு ஆத்திரம். இருக்கிற கயிற்றிலேயே நல்ல கயிறாகப் பார்த்து எடுத்து என்னைக் கட்டியிருந்தார்கள்.

ஷூ மறுபடி பரணுக்குப் போனது.

அப்புறம் நான் வீட்டில் இருந்த நாட்களைப் பாத்திரங்களிடம்தான் கேட்க வேண்டும். குண்டா, அண்டா எல்லாம் என்னிடம் அடி வாங்கின. இவரோடு பேச்சு இல்லை. களி கிண்டும் துடுப்பை நான் வைக்கிற வேகத்தைப் பார்த்து அவரே எழுந்து தண்ணீர் மொண்டு குடித்தார். சர்க்கரை ஏறிவிட்டது. டாக்டர் மாத்திரையைப் பழையபடி முழுசாக்கிவிட்டார். "என்னம்மா, நல்லாத்தான ஓடிட்டிருந்தீங்க?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது? சாமி குத்தமாயிரும் டாக்டர் என்றா?

மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போதுதான் எனக்குத் தோன்றியது. சாமியிடம் சொன்னதைச் சாமியிடமே கேட்டுவிட்டால் என்ன? எங்கள் பக்கத்தில் அதற்கும் வழி இருக்கிறது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டி, மனதில் இருப்பதைச் சொல்லிச் சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். பெண் எடுப்பதற்கும், நிலம் வாங்குவதற்கும் பூக்கேட்கிறவர்கள் என் காலுக்கும் கேட்கட்டும்.

அவருடைய தங்கை வந்திருந்த நாளாகப் பார்த்து, அவள் முன்னாலேயே கேட்டேன்: "பூக்கேட்டுப் பாக்கலாமுங்களா?"

அவர் முகம் வெளுத்தது. "எதுக்குப் புள்ள சாமிய வம்புக்கு இழுக்கற?"

"வம்புக்கு இழுத்தது நானுங்களா?"

"அதெல்லாம் வேண்டாம். சொன்னாச் சொன்னதுதான்."

அவர் தங்கையே, "அண்ணி கேக்கறதுல தப்பென்னண்ணா? சாமி சொன்னா அண்ணியும் கேட்டுக்குவாங்க" என்றாள். தங்கை சொன்ன பிறகு அவரால் தட்ட முடியவில்லை. பிடிவாதம் தோற்கப் போகிறது என்று பயப்படுகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மொபட்டில் கிளம்பினோம். நான் சேலை கட்டிக்கொண்டு, கீழே ஷூ போட்டுக்கொண்டேன். அவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கருப்பணார் கோயில் எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரம், கிழங்குக் காடுகளுக்கு நடுவில், ஒரு வேலமரத்தடியில். கூரை கிடையாது. வேலும் அரிவாளும் நட்டிருக்கும், இரண்டு மண் குதிரை நிற்கும். ஷூவை வெளியில் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

பூசாரி இரண்டு காகிதப் பொட்டலத்தையும் மடித்து வைத்துவிட்டு, என் வீட்டுக்காரரிடம் கையை நீட்டினார். "முடிச்சக் குடுங்க. எப்ப வேண்டுனீங்க, என்னன்னு வேண்டுனீங்க, வாய் உட்டுச் சொல்லோணும். கூட்டாம கொறைக்காம சொல்லுங்க. பொய் கலந்தா பூவும் பொய்யாப் போயிரும், குத்தமும் உங்க மேலதான்."

இவர் முடிச்சைக் கொடுத்தார். "கால் நல்லாகோணும்னு வேண்டுனனுங்க. நல்லானா ஓட்டத்த நிறுத்திர்றம்னு..."

பூசாரி முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "துணி நல்லா வெளுத்துப் போச்சே. எப்ப முடிஞ்சீங்க?"

இவருடைய நெற்றியில் வேர்த்திருந்தது. மார்கழிக் குளிரில்.

"சொல்லுங்க. சாமி முன்னால நிக்கறீங்க."

"ஆடிப் பதினெட்டுங்க."

எனக்கு ஒரு நொடி ஒன்றும் ஓடவில்லை. ஆடிப் பதினெட்டன்று பள்ளிபாளையத்தில் காவிரிக்குப் போயிருந்தோம். அன்றைக்குக் காலையில்கூட ஓடிவிட்டுத்தான் வந்தேன். படித்துறைப் படிகளை எல்லோருக்கும் முன்னால் நான்தான் ஏறினேன். மூச்சு வாங்காமல் ஏறுகிறேன் என்று என் நாத்தனார் ஆச்சரியப்பட்டாள்.

"ஆடிலயா?" என்றேன். "ஆடில எனக்கு ஒரு நோவும் இல்லீங்களே. பொரட்டாசிலதான கால் வலிச்சுது?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. அரிவாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கால் நல்லாகோணும்னு வேண்டல புள்ள. இவ ஓட்டத்த நிறுத்து சாமின்னுதான் வேண்டுனேன். கால்ல ஒரு நோவக் குடுத்தாச்சும் நிறுத்துன்னு..." "பேக்கரில உக்கார முடியல. உன்ற பொண்டாட்டி எந்தூருக்கு ஓடிப் போறா, புடிச்சுக் கட்டி வெய்யின்னு தெனமும் சிரிக்கறாங்க. அன்னிக்கு ஒருத்தன் வந்து என்னையே கூட்டிட்டுப் போனானே, அதுலருந்து தலை காட்ட முடியல. சும்மா ஒரு ஆத்தரத்துல வேண்டுனேன். நெசமாவே வரும்னு நெனைக்கல."

பூசாரி முடிச்சைப் பூப்பொட்டலங்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

என்னால் பேச முடியவில்லை. கோபத்தில் வாயடைத்துப் போவது எனக்குப் பழக்கமில்லாத காரியம். என் காலைத் தன் மடியில் வைத்து, கண்ணை மூடி, போதும் சாமி, போதும் சாமி என்று தேய்த்தாரே, அதற்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. கேட்டது கிடைத்துவிட்டது, இதற்கு மேல் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அந்தக் கையைப் பார்த்துத்தான் நான் அழுதிருக்கிறேன். வலி சரியான பிறகும் மனிதர் விட்டாரா? வேண்டுதலையே மாற்றிச் சொல்லி, பெற்ற மகளை வைத்து என்னைக் கட்டிப் போட்டார். பேக்கரியில் நாலு பேர் சிரித்தார்கள் என்பதற்காக.

பூசாரி தயங்கித் தயங்கி, "இப்ப பூவ என்ன பண்றதுங்க?" என்றார்.

எனக்குப் பேச்சு திரும்பியது.

"பூ எதுக்குங்க? இவரு கேட்டது என்ற கால்ல நோவு. சாமி குடுத்தாரு. இவரு ஓட்டத்த நிறுத்தச் சொன்னாரு. ரெண்டு மாசத்துக்கு மேல நின்னேன். கேட்டது அத்தனையும் நடந்துபோச்சு. வேண்டுதல் முடிஞ்சுபோச்சு. காச உண்டியல்ல போடச் சொல்லுங்க."

பூசாரி கொஞ்சம் யோசித்தார். நட்டிருந்த வேலைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "அம்மிணி சொல்றது நாயந்தானுங்க. கேட்டது கெடைச்சிருச்சுன்னா காசு சேர்ந்தரோணும். வெச்சிருக்கறதுதான் குத்தம்."

"அப்ப இனிமே இவ..." என்று இவர் இழுத்தார்.

"இனிமேலுக்கும் நிறுத்தோணும்னா புதுசா முடிஞ்சு வேண்டிக்குங்க" என்றேன். "இப்பவே. இங்கயே. என்ற மூஞ்சியப் பாத்துட்டு, சத்தமா. பொண்டாட்டி கால ஒடைச்சுப் போடு சாமின்னு கேளுங்க. நானும் பக்கத்துலயே நிக்கறேன்."

அவர் முடிச்சை எடுத்தார். இறுகிப்போயிருந்தது, விரலுக்கு அவிழவில்லை. நான் உதவவில்லை. கடைசியில் பல்லால் கடித்து அவிழ்த்து, காசை உண்டியலில் போட்டார். உள்ளே விழுந்த சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது.

வெளியே வந்து ஷூவை மாட்டினேன். சேலையைத் தூக்கிச் செருகினேன்.

"ஏறு புள்ள, போலாம்" என்று மொபட்டை உதைத்தார்.

நான் ஓட ஆரம்பித்தேன்.

முதலில் கால் மரக்கட்டை மாதிரி இருந்தது. கிழங்குக் காட்டு மண் தடத்தைத் தாண்டித் தார் ரோட்டுக்கு வந்த பிறகு மூச்சு பிடிபட்டது. பின்னாலேயே மொபட் சத்தம் வந்துகொண்டிருந்தது. முந்தவும் மாட்டார், நிற்கவும் மாட்டார். பால் வண்டிக்காரர் எதிரில் வந்தவர் வேகத்தைக் குறைத்து, "ஏறிக்குங்க்கா" என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, பின்னால் இவர் காலி வண்டியோடு வருவதைப் பார்த்துவிட்டுக் குழம்பிப் போனார்.

"எல்லாரும் பாக்கறாங்க புள்ள. ஏறிக்க."

"பாக்கட்டும்."

பேக்கரிக்கு முன்னால் வழக்கமான கூட்டம் உட்கார்ந்திருந்தது. ஒருவர் டீ டம்ளரை உயர்த்தி இவரைப் பார்த்து, "என்னப்பா, ஊட்டுக்காரியத் தொரத்திட்டுப் போறியா? தாட்டி உட்றாத, புடி புடி!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் நின்றேன். மொபட்டும் நின்றது.

"சொல்லுங்க" என்றேன் இவரிடம், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "இவங்க சிரிக்கறாங்கன்னு கருப்பணார்கிட்டப் போயி என்ன கேட்டீங்கன்னு இவங்ககிட்டயும் சொல்லுங்க. தெரிஞ்சுக்கட்டும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. இவர் ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது வரைக்கும் சிவந்திருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது என்று எழுதினால் அது பொய். எனக்குப் பாவமாக இல்லை.

"சொல்ல முடியலீன்னா முன்னால ஊட்டுக்குப் போங்க. போயி ரெண்டு முட்டைய வேக வைங்க. நான் வாரேன்."

அவர் போனார்.

மகளிடம் சாயங்காலம் போனில், காசு போட்டாச்சு, வேண்டுதல் முடிந்துவிட்டது, பூசாரியே சொல்லிவிட்டார் என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது. "அப்ப சேலத்துக்கு வர்றியாம்மா?" என்று சந்தோஷமாகக் கேட்டாள். அப்பா என்ன வேண்டினார் என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவர்தான் சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை.

பொழுது சாய்ந்ததும் முழங்கால் லேசாக வலித்தது. இத்தனை நாள் கழித்து ஒரே மூச்சாக அவ்வளவு தூரம் ஓடினால் வலிக்காதா? நான் காலை நீட்டி உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, அவர் எண்ணெய்க் கிண்ணத்தைச் சுட வைத்துக் கொண்டுவந்தார். தரையில் உட்கார்ந்து, என் காலுக்குக் கையை நீட்டினார்.

கிண்ணத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"இது நீங்க கேட்டு வந்த வலி இல்லீங்க. நானா ஓடி வாங்குனது. நானே தேச்சுக்கறேன்."

அவர் எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார். நான் தேய்த்துக்கொண்டேன்.